கரிசல் கவிதை எந்த ஊருக்கும் பொருந்துகிறது என்றால்

கரிசல் மண்ணைப் பற்றி நீங்கள் பதிவிட்ட கவிதை எந்த ஊருக்கும் பொருந்துவதுபோல் இருக்கிறது. அதைச் சரிசெய்ய வட்டாரச் சொற்களை இன்னும் சேர்க்காதீர்கள். அங்கே நடக்கும் வேலையைச் சேருங்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் என்கிறீர்கள், ஆனால் நீங்கள் பதிவிட்ட 14 வரிகளிலும் ஒருவர்கூட எதுவும் செய்யவில்லை. மண் ஏங்குகிறது, வானம் பார்க்கிறது, அவ்வளவுதான்.

காரணம், அநேகமாக நினைவிலிருந்து எழுதாமல் படித்த கவிதைகளிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். கரிசல் என்றாலே வறட்சி என்று கை தானாகப் போய்விடுகிறது. அது மழையை மட்டும் நம்பிய மானாவாரி நிலம்தான், ஆனால் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு நடக்கும். கோடையில் கால் நுழையும் அளவு வெடித்த அதே மண் மழை பெய்ததும் ஊதி, வெடிப்பை மூடி, செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். மார்கழியில் விளைநிலம் முழுக்கப் பச்சை. தீப்பெட்டி ஆபீஸுக்கு, அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போகிற பெண்களும் உங்கள் கவிதையில் இல்லையே!

ஒன்று செய்து பாருங்கள். ஊர்ப் பெயரை மறைத்துவிட்டுத் தஞ்சாவூர் என்று போட்டுப் படியுங்கள். இடறாத வரியை எல்லாம் அடித்துவிடலாம். ‘கண்மாய்க் கரையில் உளுந்து காயுது’ வரி மட்டும் தப்பிக்கும் என்று நினைக்கிறேன், நல்ல வரி.

அதற்காகப் பயிர்ப் பட்டியல் போட்டுவிடாதீர்கள். பருத்தி, கம்பு, சோளம் என்று அடுக்கினால் வேளாண் துறைத் துண்டறிக்கை மாதிரி ஆகிவிடும். ஒரு பயிர், அதில் ஒரு ஆளின் கை போதும்.