குப்பை என்று எழுதாதீர்கள்

அன்புள்ள அக்கா,

பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா யூதத் தொழுகைக்கூடத்து கெனிசா என்ற பழந்தாள் அறை பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டேன். கடவுள் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது என்று ஓர் அறையில் போட்டு வைத்தார்கள், சரி. கடைக்கணக்கும் கடன் சீட்டுமாக இவ்வளவு குப்பை அங்கே எப்படி வந்தது? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர் சாலமன் ஷெக்டர் ஏறத்தாழ 1,93,000 துண்டுகளை இங்கிலாந்துக்கு அள்ளிப்போனது நியாயமா?

— ஒரு வாசகர், தேனி

அன்புள்ள தம்பி,

நியாயத்தை இன்னொரு நாள் பேசலாம். அங்கிருந்த யூதத் தலைவர்களின் சம்மதத்தோடுதான் 1897-இல் எடுத்துப்போனார்; இப்போதைக்கு அது போதும். கணக்கு எப்படி வந்தது? அங்கிருந்த யூதர்கள் அரபு மொழியையே எபிரேய எழுத்தில் எழுதியவர்கள். வேதத்தின் எழுத்து என்பதால் அந்த எழுத்துக்கே மரியாதை.

ஆனால் 'குப்பை' என்றீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. கேம்பிரிட்ஜிலும் இதையேதான் சொன்னார்கள். வேத நூல்களைத் தேடியவர்கள், உதவாது என்று எவ்வளவோ தாளைப் பெட்டியில் போட்டு மூடினார்கள். 1950களில் வரலாற்று ஆய்வாளர் கொய்டைன் வந்து கேட்ட பிறகுதான் அவை பிரிக்கப்பட்டன. கூலி, சீதனம், மாமியார் சண்டை என்று அந்தக் காலத்து வாழ்க்கையை அவர் எழுதியது இப்படிப்பட்ட தாள்களை வைத்துத்தான்.

ஒரே ஒரு தாளைப் பாருங்கள். 12-ஆம் நூற்றாண்டு. செங்கடல் துறைமுகமான ஐதாபிலிருந்து வியாபாரி தாவீது தன் அண்ணனுக்கு எழுதுகிறார். பாலைவனத்தைத் தாண்டி வந்துவிட்டேன், இங்கே வாங்க அவுரியைத் தவிர ஒன்றுமில்லை, இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிறேன், வீட்டில் தைரியம் சொல்லுங்கள். அவ்வளவுதான். அண்ணன் யார் தெரியுமா? மாபெரும் யூத அறிஞர் மைமோனிடிஸ். தாவீது இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப்போனார். அண்ணன் ஒரு வருடம் படுத்த படுக்கை. எட்டு வருடம் கழித்தும், தம்பியின் கையெழுத்து கண்ணில் பட்டால் நெஞ்சு புரண்டுவிடுகிறது என்று எழுதினார். அந்தக் கையெழுத்து இன்றும் கேம்பிரிட்ஜில் இருக்கிறது. அவுரி விவரம் எழுதிய தாள்தான் தம்பி, நீங்கள் சொல்லும் குப்பைதான்!

எங்கள் ஆச்சி காலண்டர் தாளின் பின்பக்கம் பால் கணக்கு எழுதுவார். 'லிட்டரு' என்றுதான் எழுதுவார். 'ரு'வின் வால் அடுத்த வரி வரை இறங்கும். அவர் இறந்த வருடம், போகியன்று அந்தத் தாள்களை மூட்டையாகக் கட்டி நானேதான் நெருப்பில் போட்டேன். ஆச்சியின் படம் நாலு இருக்கிறது. அந்த 'லிட்டரு' ஒன்றுகூட இல்லை.

உங்கள் வீட்டுப் பரணில் என்ன கிடக்கிறது? இந்த ஞாயிறு ஏறிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா