எச்.பி.வி. தடுப்பூசி: ஆன்டிபாடி குறைந்தால் பாதுகாப்பும் போய்விடுமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயதில், கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கு எதிரான தடுப்பூசி இரண்டு தவணை போட்டோம். இப்போது அவளுக்கு 19 வயது. நாளாக ஆக, ரத்தத்தில் வைரஸை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடி குறைந்துவிடும் என்கிறார்கள். ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டுமா? பூஸ்டர் தேவையா? எனக்கு வயது 44. – ஒரு தாய், கரூர்

பதில்: இரண்டுமே தேவையில்லை.

ஆன்டிபாடி குறையும் என்பது உண்மைதான். கடைசித் தவணை போட்டு ஒரு மாதத்தில் அது உச்சத்தைத் தொடும். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் வேகமாக இறங்கும். அதன்பின் ஒரு மட்டத்தில் நிலைத்து, பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் பெரிதாக அசைவதில்லை. ஊசிக்குப் பிறகு பெருகும், ஆன்டிபாடி சுரக்கும் செல்களில் பெரும்பாலானவை விரைவில் மடிந்துவிடும். ஒரு பகுதி மட்டும் எலும்பு மஜ்ஜையில் தங்கி, ஆண்டுக்கணக்கில் ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருக்கும். நீங்கள் கேள்விப்பட்ட சரிவு, அந்த முதற்கட்டச் சரிவுதான்.

பரிசோதனை ஏன் வேண்டாம்? எந்த அளவுக்குக் கீழே போனால் ஆபத்து என்ற எல்லைக்கோடே இந்தத் தடுப்பூசிக்கு வகுக்கப்படவில்லை. எச்.பி.வி.யில் எண்ணிட்ட பல வகைகள் உண்டு. அவற்றில் நான்கு வகைகளுக்கு எதிரான தடுப்பூசியைப் போட்ட பெண்களில் கணிசமானோருக்கு, நான்கு ஆண்டுகளில் 18ஆம் வகைக்கான ஆன்டிபாடி பரிசோதனையில் தென்படவே இல்லை. ஆனாலும் அந்த வகையால் வரும் நோயிலிருந்து அவர்களுக்குப் பாதுகாப்பு குறையவில்லை. எனவே பரிசோதனைத் தாளில் வரும் எண் உங்களைப் பயமுறுத்தலாமே தவிர, வழிகாட்டாது.

ஆன்டிபாடி குறைந்தாலும் பாதுகாப்பு நீடிக்கும் என்பதற்கு வலுவான சான்று இந்தியாவிலேயே இருக்கிறது. இரண்டு தவணையா, மூன்று தவணையா என்று ஒப்பிட 2009இல் தொடங்கிய ஓர் ஆய்வு பல மையங்களில் நடந்தது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையும் அவற்றில் ஒன்று. 2010இல் அரசு உத்தரவால் ஊசி போடுவது நிறுத்தப்பட்டதால், ஏறத்தாழ 5,000 சிறுமிகளுக்கு ஒரே தவணையோடு நின்றுபோனது. அவர்களைக் கைவிடாமல் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு தவணை பெற்றவர்களின் ஆன்டிபாடி அளவு மற்றவர்களுடையதைவிடக் குறைவு. ஆனால் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் புற்றுநோயை அதிகம் உண்டாக்கும் 16, 18 வகைகளின் நீடித்த தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு அவர்களிடம் 95 சதவீதம். மூன்று தவணை பெற்றவர்களிடம் 93 சதவீதம். அதாவது, நடைமுறையில் வித்தியாசமே இல்லை. தடைபட்ட ஓர் ஆய்வு இவ்வளவு பெரிய விடையைத் தந்ததை எண்ணும்போது, அந்தச் சிறுமிகளுக்கும் குடும்பங்களுக்கும் நன்றி சொல்லத் தோன்றுகிறது. ஒரு தவணையும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஏற்றுக்கொண்டதற்கு இத்தகைய சான்றுகளே காரணம். உங்கள் மகள் இரண்டு தவணை பெற்றவர்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் மட்டும் தவணைக் கணக்கு வேறு. அவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மகளுக்கு 30 வயதானதும் கருப்பைவாய்ப் பரிசோதனை அவசியம். புற்றுநோய் உண்டாக்கும் எல்லா வகைகளையும் ஊசி தடுப்பதில்லை. உங்களுக்கோ அந்த வயது கடந்து 14 ஆண்டுகள் ஆகிவிட்டன. இதுவரை செய்யவில்லை என்றால் இந்த மாதமே செய்துகொள்ளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்கிறார்கள்.