தேடத் தெரிந்த பிள்ளைக்கு எதற்கு எம்.பி.ஏ.?

அம்பாசமுத்திரம் அண்ணாச்சிக்கு,

மகள் பி.எஸ்சி. தாவரவியல் முடிக்கப்போகிறாள், மேலே என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பதற்றம் நியாயம்தான். ஆனால் மச்சான் சொன்னார் என்று வயலை அடமானம் வைத்து, சென்னையில் எம்.பி.ஏ. சேர்க்கப் போகிறீர்களே, அதைச் செய்யாதீர்கள். வட்டி கட்டப்போவது மச்சான் இல்லை.

வகுப்பில் யாருக்கு ப்ராஜெக்ட் என்றாலும் கட்டுரை தேடிக் கொடுப்பது இவள்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது, நூலக அறிவியல். எந்தப் பட்டம் முடித்தவரும் அதன் இளநிலைப் படிப்பான ஓராண்டு பி.லிப். சேரலாம், அதற்கு மேல் முதுநிலையான எம்.லிப். புத்தகம் அடுக்கும் வேலை என்று சொந்தபந்தம் சிரிக்கும். சிரிக்கட்டும்.

அவளுக்கு ஒத்துவருமா என்று பார்க்க, 'தாமிரபரணியில் மணல் அள்ளுவதால் நிலத்தடி நீருக்கு ஏற்படும் பாதிப்பு' என்ற தலைப்பைக் கொடுத்து, இணையத்தில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடச் சொல்லுங்கள். வாக்கியத்தை அப்படியே தட்டினால் ஒன்றும் தேறாது. 'பாதிப்பு', 'ஆய்வு' போன்றவை எல்லாக் கட்டுரையிலும் கிடக்கும் சொற்கள், கழித்துவிட வேண்டும். மிஞ்சுவது ஆறு, மணல், நீர். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் மாற்றுச் சொற்கள் வேண்டும். நம் ஆற்றின் பெயரையே 'டி'க்குப் பின் 'எச்' போட்டும் போடாமலும், 'தாம்ரபர்ணி' என்றும் ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். ஒன்றை மட்டும் போட்டால் மற்ற கட்டுரைகள் கண்ணில் படாது. 'சாண்ட் மைனிங்' மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு சொல்லும் சேர்ந்தே தேடப்படும், கூடவே 'சாண்ட் எக்ஸ்ட்ராக்‌ஷன்'. 'கிரவுண்ட்வாட்டர்' சேர்த்தும் பிரித்தும், அதோடு 'அக்விஃபர்', அதாவது நிலத்தடியில் நீர் தேங்கும் அடுக்கு. ஒரே கருத்தின் சொற்களை 'ஆர்' (OR, ஏதாவது ஒன்று இருந்தால் போதும்) போட்டு அடைப்புக்குறிக்குள் வைத்து, மூன்று அடைப்புகளையும் 'அண்ட்' (AND, எல்லாமே இருக்க வேண்டும்) போட்டு இணைக்க வேண்டும். அடைப்பை மறந்தால் பல தளங்களில் மணலுக்குச் சம்பந்தமில்லாத 'அக்விஃபர்' கட்டுரைகளெல்லாம் வந்து குவியும்.

சொல்லின் வால் மாறும் இடத்தில் நட்சத்திரக் குறி (*) போட்டால், அதற்கு முன்னுள்ள எழுத்துகளில் தொடங்கும் எல்லாச் சொற்களும் வரும். அதை அவசரப்பட்டு வெட்டக்கூடாது. 'மைனிங்'கின் முதல் மூன்று ஆங்கில எழுத்தோடு வைத்தால் மினரல், மினிமம், மினிஸ்டர் வரை வரும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் இந்தக் குறி வேலைக்காகாது.

முடிவுகள் குறைவாக வந்தால் முதலில் ஆற்றின் பெயரை எடுத்துவிட வேண்டும். திருநெல்வேலிக்காரருக்கு மனசு வராதுதான், ஆனால் வேறு ஆற்றைப் பற்றிய கட்டுரையும் உதவும். பொருத்தமான கட்டுரை ஒன்று சிக்கியதும், சுருக்கத்தின் கீழே ஆசிரியர் கொடுத்திருக்கும் குறிச்சொற்களை எடுத்து மறுபடி தேட வேண்டும். முதல் தேடலில் தோன்றாத சொல் அங்கேதான் கிடைக்கும். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது, காசு இல்லை.

இதில் அவள் சலித்துக்கொண்டால் நூலக அறிவியலை விட்டுவிடுங்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லையென்றால் குறுக்கே நிற்காதீர்கள்.

கல்லூரி நூலகர் பணியிடங்கள் ஏராளம் என்று சொல்லி ஏமாற்ற மாட்டேன். அந்த வேலைக்கு எம்.லிப்.பில் 55 சதவீதம் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. பிறகு நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சி. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் பி.லிப். இருக்கிறது, வீட்டிலிருந்தே படிக்கலாம். எங்கே சேர்த்தாலும் தேர்வுக் கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து முழுத் தொகையை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். கையில் இருப்பதற்குள் அடங்காவிட்டால் அந்த இடம் வேண்டாம்.