எட்டு அங்குலம் தாண்டிய தோட்டத்துக்கு நோட்டீஸ்

கேள்வி: அமெரிக்காவின் மினசோட்டாவில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் வாசல்பக்கப் புல்தரையை எடுத்துவிட்டு, இந்த மண்ணுக்கே உரிய புற்களையும் பூச்செடிகளையும் வைத்தேன். இப்போது இடுப்பளவு வளர்ந்திருக்கின்றன. '8 அங்குலத்துக்கு மேல் வளர்ந்தவற்றை 10 நாளுக்குள் வெட்டுங்கள். இல்லையென்றால் நாங்கள் வெட்டிச் செலவை வசூலிப்போம்' என்று நகர நிர்வாகம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. வம்பு வேண்டாம், வெட்டிவிடலாம் என்கிறார் கணவர். வெட்டத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஆனால் நோட்டீஸைக் கிடப்பில் போடவும் கூடாது. கெடு முடிவதற்குள் உங்கள் பதில் எழுத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

2023 ஜூலை 1 முதல் அங்கே நடப்பில் உள்ள மாநிலச் சட்டம், பிரிவு 412.925, திட்டமிட்டு நட்டுப் பராமரிக்கும் இயற்கைத் தோட்டத்தை நகரங்கள் அனுமதித்தே ஆகவேண்டும் என்கிறது. அந்த 8 அங்குல வரம்பும் அதே பிரிவில்தான் இருக்கிறது. இத்தகைய தோட்டத்துக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. செடி உயரலாம், விதையும் கட்டலாம். கவனிக்காமல் காடாக விட்ட புல்தரைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. தீங்கான களைகளுக்கும் இல்லை.

ஆகவே 'பராமரிப்பு' என்ற சொல்லில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது. செடி வாங்கிய ரசீதுகள், தேதியுள்ள பழைய படங்கள், செடிகளின் பெயர்ப் பட்டியல் எல்லாவற்றையும் பதிலோடு இணையுங்கள். புல்தரைக்குப் பதில் பூச்செடிகள் வைக்க உதவும் 'லான்ஸ் டு லெகூம்ஸ்' என்ற மாநிலத் திட்டத்தில் உதவி பெற்றிருந்தால் அந்தக் கடிதம் மிக வலுவான சான்று. நோட்டீஸைத் திரும்பப் பெறுமாறு கேட்டு, நேரில் வந்து பார்க்கவும் அழையுங்கள்.

அவர்கள் வருமுன் நீங்கள் ஒருமுறை தோட்டத்தைச் சுற்றிவாருங்கள். கனடா திஸ்ஸில் என்ற முட்செடி மாநிலத்தின் களைப் பட்டியலில் இருக்கிறது. சந்தேகமான முட்செடியின் இலையைத் திருப்பிப் பாருங்கள். உள்ளூர் இனமென்றால் அடிப்பக்கம் வெண்பஞ்சு ஒட்டியதுபோல இருக்கும். கனடா திஸ்ஸிலில் பெரும்பாலும் பச்சைதான். அது ஒன்றிரண்டு நின்றாலும் அதிகாரிக்குப் பிடி கிடைத்துவிடும். மில்க்வீட் இருந்தால் அதைப் பட்டியலில் பெயரிட்டே எழுதுங்கள். நம் எருக்குக்கு உறவான அந்தச் செடியின் இலையைத் தவிர மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு வேறெதையும் தின்னாது. கோடையில் அதை வெட்டினால் இலையோடு புழுவும் போய்விடும். கணவரிடம் இதையும் சொல்லுங்கள்.

ஓரிடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்வேன். நடைபாதைக்கும் சாலைக்கும் இடைப்பட்ட துண்டு நிலம் பெரும்பாலும் பொதுவழியைச் சேர்ந்தது. இந்தப் பிரிவு தனியார் நிலத்தைப் பற்றியது. ஆகவே அந்தத் துண்டு நிலத்தில் மட்டும் நகர விதிப்படி வெட்டிவிடுங்கள். குடியிருப்போர் சங்கம் இருந்தால் அதன் ஒப்பந்தத்தையும் படித்துப் பாருங்கள். இந்தச் சட்டம் கட்டுப்படுத்துவது நகரத்தைத்தான், சங்கத்தை அல்ல.

நகர நிர்வாகம் மறுத்தால், மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்று எழுத்தில் கேட்டுவிட்டு, அன்றே உள்ளூர் வழக்கறிஞரைப் பாருங்கள். அவர்கள் வெட்டிய பிறகு நீங்கள் வென்றாலும் அந்த மூன்று ஆண்டு வளர்ச்சி திரும்பாது.