டவுனுக்குள் மட்டும் ஓடும் விட்ஸுக்கு எந்த பிரேக் பேட் போடலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: 2012 டொயோட்டா விட்ஸ் கார், மட்டக்களப்பு டவுனுக்குள்தான் ஓட்டம், முன் பேட் (சில்லோடு சுற்றும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கட்டை) தேய்ந்து முடிந்துவிட்டது. சாமான் கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்து மூன்று விலை சொல்கிறார். இந்த ஓட்டத்துக்கு ஆகக் குறைந்ததே போதாதா?

போதாது. நானும் விட்ஸ்தான் வைத்திருக்கிறேன், நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். வீடு கல்லடியில், வேலை டவுனில், மேடு என்று சொல்ல கல்லடிப் பாலத்தைத் தவிர எங்களுக்கு ஒன்றும் இல்லை. பெயரே கேள்விப்படாத ஒரு பெட்டியை வாங்கிப் போட்டேன். ஐந்து மாதம் ஒரு குறையும் தெரியவில்லை.

பிறகு அம்மாவைக் கண்டிக்குக் கிளினிக்குக் கூட்டிப்போய்விட்டு மஹியங்கனை வீதியால் திரும்பி வந்தோம். பதினெட்டு வளைவு இறக்கத்தில் பாதி வருவதற்குள் கருகின மணம் வரத் தொடங்கிற்று. அடுத்த வளைவில் பெடலை மிதிக்கிறேன், கல்லு மாதிரி இருக்கிறது, கார் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. முன்னால் ஒரு லொறி. கியரைக் கீழே இறக்கி, ஹேண்ட் பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஓரமாக நிறுத்திவிட்டேன். பின் சீட்டில் இருந்த அம்மாவுக்கு நடந்தது விளங்கவில்லை, "ஏன் மகன் நிப்பாட்டின?" என்று கேட்டார். முக்கால் மணித்தியாலம் அங்கேயே இருந்து சில்லு ஆறின பிறகுதான் இறங்கினோம்.

அடுத்த நாள் கராஜில் கழற்றினோம். மெக்கானிக் அண்ணன் பேடை என் கையில் தந்து, "இஞ்ச பாரு மனே" என்றார். மேல் முகம் கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இறுகிப்போயிருந்தது, ஓரம் பிஸ்கட் உடைந்தது போல உதிர்ந்திருந்தது. அவர் காட்ட வந்தது அதையல்ல. உராயும் பகுதிக்கும் இரும்புத் தகட்டுக்கும் நடுவில் மண்ணிறமாக ஒரு கோடு. விரல் நகத்தை விட்டால் உள்ளே போகிறது. தகட்டில் பிடித்த துரு அடியில் ஊதி, மேலே ஒட்டியிருந்ததைக் கிளப்பத் தொடங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் ஒரு பக்கம் அப்படியே கழன்று விழுந்திருக்கும். கடற்காற்று அடிக்கும் எங்கள் ஊருக்கு இதுதான் பெரிய பயம் என்பேன், அதற்கு மலையில் இறங்கவே தேவையில்லை.

அதனால் கடையில் பெட்டியைப் பார்க்காதீர்கள், பேடை வெளியே எடுத்துப் பாருங்கள். தகட்டின் பெயின்ட் விளிம்பு வரை ஒழுங்காக இருக்கிறதா, ஒட்டிய இடத்தில் இடைவெளியோ வெடிப்போ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தகட்டின் பின்னாலோ விளிம்பிலோ எஃப்எஃப், ஜிஎஃப் என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் அடித்திருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டில் பிடிக்கும் பிடி, இரண்டாவது நன்றாகச் சூடேறின பிறகு உள்ள பிடி. ஈ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45 வரை, ஜி அதற்கும் மேலே. இரண்டாவது எழுத்து கீழே இறங்கினால் சூட்டில் பிடி குறைகிறது என்று அர்த்தம். விட்ஸுக்கு எஃப்எஃப் தாராளம். வட்டத்துக்குள் ஈ எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் அது வேறு முத்திரை, ஐரோப்பிய ஒழுங்குவிதிப்படி ஒரிஜினல் பேடோடு ஒப்பிட்டுச் சோதித்தது. என்னுடைய பேடில் ஓர் எழுத்துகூட இருக்கவில்லை.

ஜெனுயின் (கார் கம்பெனியின் பெயரிலேயே வரும்) பெட்டிக்குக் காசு காணாவிட்டால், கார் கம்பெனிகளுக்கே பிரேக் செய்து கொடுக்கும் அட்விக்ஸ், அகேபோனோ மாதிரியானவர்களின் சாதாரண பேடைக் கேளுங்கள். எனக்கு வந்த வித்தியாசம் ஏறக்குறைய ஒரு டேங்க் பெட்ரோல் காசு. போலிகளும் இருப்பதால் பார்ட் நம்பரைப் பழைய பேடோடு வைத்துச் சரிபாருங்கள். 'செரமிக்' என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம், இப்போது எந்தப் பெட்டியிலும் அதை அடித்துவிடுகிறார்கள். இரும்புத் தூள் கூடின செமி மெட்டாலிக் சூட்டைத் தாங்கும், ஆனால் சத்தமும் கூட, டிஸ்க்கையும் தின்னும். ரேஸ் பேட் வேண்டவே வேண்டாம், அது சூடேறினால்தான் பிடிக்கும், கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் யாராவது குறுக்கே வந்தால் உதவாது. வேறு காரில் கழற்றின ரீகண்டிஷன் பேடும் வேண்டாம், அது எத்தனை வருடம் கிடந்ததோ யாருக்குத் தெரியும்.

பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். இரண்டு முன் சில்லுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். கழற்றின பேடில் உள் பக்கம் தேய்ந்து வெளிப்பக்கம் தடிப்பாக இருந்தால், பேடை டிஸ்க்கோடு அழுத்தும் கலிப்பர் வழுக்கி ஓடும் கம்பி (பின்) துருவில் இறுகியிருக்கக்கூடும். அதைக் கவனிக்காமல் எவ்வளவு நல்ல பேட் போட்டாலும் வீண். அந்தக் கம்பிக்குச் சிலிக்கோன் கிரீஸ்தான் பூச வேண்டும், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். டிஸ்க்கின் தடிப்பையும் அளக்கச் சொல்லுங்கள், குறைந்தபட்ச அளவு அதிலேயே பொறித்திருக்கும். தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள், நல்லதல்லாத தூசி அது.

பிரேக் ஒயில் மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டொட் 3 என்ற தர ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறினால் அந்த எல்லை 140 வரை இறங்கிவிடும். இறக்கத்தில் பெடல் மெத்தை மாதிரி உள்ளே போனால் ஒயில் கொதித்திருக்கிறது, எனக்கு நடந்ததுபோல் கல்லாக இருந்தும் பிடிக்காவிட்டால் சூட்டில் பேட் தோற்றிருக்கிறது.

பூட்டி முடித்ததும் காரை அசைக்க முன்னம் பெடல் இறுகும்வரை நாலைந்து தரம் மிதியுங்கள். புதுப் பேடுக்கு இடம் விடக் கலிப்பருக்குள் தள்ளின பிஸ்டன் திரும்ப வந்து பேடைத் தொடாமல் முதல் மிதிக்கு ஒன்றுமே பிடிக்காது. பிறகு விடியற்காலையில், செங்கலடி தாண்டி கிரான் பக்கம் வீதி வெறுமையாக இருக்கும்போது, அறுபதில் போய் முழுதாக நிறுத்தாமல் பத்துக்கு இறக்குங்கள், இடையில் கொஞ்சம் ஆற விட்டு ஓடுங்கள். இருபது தரமாவது செய்தால் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகிவிடும். இரவில் மட்டும் போகாதீர்கள், அந்தப் பக்கம் மாடுகள் நடுவீதியில்தான் படுத்திருக்கும்.