கேள்வி பதில்: கார்பன் பானெட்டும் லாக் பின்னும்

கார்பன் ஃபைபர் பானெட் மாட்டியவர்களும் மாட்டப் போகிறவர்களும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து நிறையவே எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான கேள்விகள், பானெட்டில் போட்ட துளை வழியே மேலே நீண்டு, குறுக்கே செருகிய கிளிப்பால் பானெட்டைப் பிடித்து வைக்கும் லாக் பின்னைச் சுற்றியே வருவதால், இந்த இதழ் முழுக்க அதற்கே.

என் செடான் காரில் இரும்பு பானெட்டைக் கழற்றிவிட்டு கார்பன் பானெட் போட்டிருக்கிறேன். கம்பெனி லாக் நன்றாகவே பிடிக்கிறது. தினமும் பெங்களூரு போய் வருகிறேன். தனியாக லாக் பின் தேவையா?
- வாசகர், ஓசூர்

தேவை. லாக் நன்றாகப் பிடிப்பது ஒரு விஷயம். லாக்கில் மாட்டும் கொக்கி பானெட்டை விட்டுப் பிய்ந்து வராமல் இருப்பது இன்னொரு விஷயம். இரும்பு பானெட்டில் அந்தக் கொக்கி, உள்தகட்டோடு வெல்டு செய்த கனமான இரும்புப் பட்டையில் நிற்கிறது. வெளியில் கிடைக்கும் கார்பன் பானெட்டுகள் பலவற்றில் மேலே ஒரு கார்பன் தோல், கீழே கண்ணாடி இழையில் செய்த சட்டம், இரண்டுக்கும் நடுவில் பசை, அவ்வளவுதான். கொக்கியின் போல்ட் பிடிக்கும் இடத்தில் இரும்புத் தகடு புதைத்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

100 கிமீ வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ. 120 கிமீ வேகத்தில் அதுவே 67 கிலோவைத் தாண்டிவிடும். வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது. இது முழுவதும் பானெட்டைத் தூக்குவதில்லை. ஆனால் பானெட்டின் முன்விளிம்பைத் தாண்டும் காற்று மேலே உறிஞ்சுகிறது, கிரில் வழியாக நுழைந்த காற்று கீழிருந்து தள்ளுகிறது. லாரியை ஓவர்டேக் செய்யும்போது இந்த விசை ஏறி இறங்கி, பானெட் முன்விளிம்பு படபடக்கும். பசை விடத் தொடங்குவது இந்தப் படபடப்பில்தான். பெயர்ந்த பானெட் நேராக முன் கண்ணாடியில் வந்து அறையும்.

லாக் பின் போட்ட பிறகும் கம்பெனி லாக்கைக் கழற்றாதீர்கள். சாலையில் ஓடும் வண்டிக்கு இரண்டும் வேண்டும்.

என் பானெட் உண்மையிலேயே கார்பன்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகர், தர்மபுரி

காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால், கார்பன் டிசைன் ஸ்டிக்கர் ஒட்டிய இரும்பு பானெட். அதற்கு லாக் பின் வேண்டியதில்லை. ஒட்டாவிட்டால் அலுமினியமா என்று அடிப்பக்கத்தைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால், மேலே கார்பன், கீழே கண்ணாடி இழை என்ற கலவையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். முழுக் கார்பனோ கலவையோ, துளை போடும் முறை ஒன்றுதான்.

கிளிப் செருகும் சாதாரண பின் வாங்குவதா, பானெட்டோடு சமமாக உட்காரும் அமுக்கு லாக் வாங்குவதா? செட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?
- வாசகர், கிருஷ்ணகிரி

முதல் தடவை போடுகிறவர்களுக்குச் சாதாரண பின்தான் எங்கள் சிபாரிசு. அமுக்கு லாக் பார்க்க அழகு, சாவியோடும் வருகிறது. ஆனால் பானெட்டில் நீள்வட்டமாகப் பெரிய ஓட்டை வெட்ட வேண்டும். அந்த இடம் மேலும் கீழும் தட்டையாக இருக்க வேண்டும், வளைவில் உட்காராது. வெட்டு 2 மிமீ தவறினால் மறைக்க வழியே இல்லை. சாதாரண பின்னில் சிறு பிசகைத் தகடு மூடிவிடும்.

செட்டில் ஸ்டட் (நிமிர்ந்து நிற்கும் மரையுள்ள கம்பி) 2, நட் 4, அகல வாஷர் 4, மேல் தகடு 2, கிளிப் 2, கிளிப் தொலையாமல் இருக்க பிளாஸ்டிக் உறையிட்ட கம்பிக் கயிறு 2 இருக்க வேண்டும். ஸ்டட் 10 மிமீ அல்லது அரை அங்குலம். எல்லாமே 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் நல்லது. கலர் பூசிய அலுமினியத் தகடு வேண்டாம், காரணம் கீழே பாலக்கோடு வாசகருக்கான பதிலில் இருக்கிறது. செட்டோடு வரும் தகர ஸ்குரூக்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, எம்4 (4 மிமீ) ஸ்டெயின்லெஸ் போல்ட், நைலான் வைத்த நட், 20 மிமீ வாஷர் தனியாக வாங்குங்கள். மெல்லிய கார்பனில் தகர ஸ்குரூவுக்குப் பிடிப்பே கிடையாது.

இடம் குறிப்பது முதல் துளை போடுவது வரை விளக்க முடியுமா? விலை கொடுத்து வாங்கிய பானெட், கை வைக்கவே தயக்கமாக இருக்கிறது.
- வாசகர், காவேரிப்பட்டணம்

பானெட்டில் துளை போடுவது கடைசி வேலை. தொண்ணூறு சதவீத வேலை அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

முதலில் பானெட்டைச் சரியாக உட்கார வையுங்கள். இரண்டு பக்க இடைவெளியும் சமமாக, கீல் போல்ட் இறுக்கமாக, நான்கு மூலை ரப்பர் ஸ்டாப்பரும் பானெட்டைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். பின் போட்ட பிறகு பானெட்டை நகர்த்தினால் துளை இடம் மாறிப்போகும்.

அடுத்து, ஸ்டட் நிற்கும் இடம். ரேடியேட்டருக்கு மேலே குறுக்காக ஓடும் பட்டையில், இரண்டு ஓரத்திலும் ஒரே தூரத்தில் பாருங்கள். கீழே ஹாரன், வயர், ஹெட்லைட் இடிக்கக் கூடாது. பானெட் விளிம்பிலிருந்து குறைந்தது 50 மிமீ உள்ளே இருக்கட்டும். பானெட்டின் அடியில் சட்டம் ஓடும் இடமாகப் பாருங்கள், வெறும் தோல் மட்டும் உள்ள இடத்தில் வேண்டாம். இப்போதைய கார்கள் பலவற்றில் அந்தக் குறுக்குப் பட்டை பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கில் ஸ்டட் நிறுத்தினால் லாக் பின் போட்டும் பயனில்லை. 3 மிமீ இரும்புத் தகட்டில் எல் வடிவ பிராக்கெட் செய்து, பக்கத்திலுள்ள பாடி இரும்பில் இரண்டு எம்8 போல்ட் போட்டு நிறுத்துங்கள். எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்து தருவார்கள்.

பட்டையில் 3 மிமீ துளை போட்டு, பிறகு ஸ்டட் அளவுக்குப் பெரிதாக்கி, விளிம்பில் பிரைமர் அடியுங்கள். ஸ்டட்டை மேலும் கீழும் நட், வாஷரோடு நிறுத்துங்கள். கம்பெனி லாக் விழாதபடி பானெட்டைக் கையால் தாழ்த்தும்போது நுனி அடிப்பக்கத்தைத் தொடும் உயரம் போதும். பானெட் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஸ்டட் நுனியில் கிரீஸில் குழைத்த குங்குமம் வைத்து, பானெட்டை மெதுவாகத் தாழ்த்தித் தொட வையுங்கள். அறைந்து மூடினால் ஸ்டட் தோலைக் குத்தி மேலே நட்சத்திரம் போல விரிசல் விடும். இரண்டு மூன்று தடவை தொட வைத்து, புள்ளி ஒரே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள்.

இனி பானெட்டைக் கழற்றுவது நல்லது. கீல் நிலையை மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கார்பன் தூள் மின்சாரம் கடத்தும். பேட்டரி முனையிலோ வயர் சாக்கெட்டிலோ விழுந்தால் ஷார்ட் ஆகலாம். கழற்ற முடியாவிட்டால் எஞ்சின் முழுவதையும் ஈரத்துணி போட்டு மூடுங்கள். என்95 மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். தூளைக் கம்ப்ரசர் காற்றில் ஊதாதீர்கள். வேக்குவம் இல்லையென்றால் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

துளை போடும் இடத்தில் மேலும் கீழும் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப். மேல்பக்கம் மரக்கட்டையை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, அடியிலிருந்து 3 மிமீ துளை போடுங்கள். பானெட்டைத் திரும்ப மாட்டி, ஸ்டட்டைச் சற்று இறக்கி, துளை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டட்டின் நடுவே துளை வந்திருந்தால் மேலே போகலாம். 2 மிமீ விலகியிருந்தால் பெரிய துளை போடும்போது மையத்தை நகர்த்திக்கொள்ளலாம். அதற்கு மேல் விலகியிருந்தால் ஸ்டட்டை நகர்த்துங்கள், பானெட்டை அல்ல.

பெரிய துளையை மேலிருந்து, அடியில் மரக்கட்டை வைத்துப் போடுங்கள். 10 மிமீ ஸ்டட்டுக்கு 12 முதல் 13 மிமீ, அரை அங்குல ஸ்டட்டுக்கு 15 மிமீ. சாதாரண டிரில் பிட் கார்பனில் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய பிட் இழையை வெட்டாமல் பிய்க்கும், அடியில் அடுக்குகள் பிரிந்துவிடும். கிருஷ்ணகிரியில் கிரானைட் வேலைக்கு விற்கும் வைரத்தூள் பூசிய வளைய பிட் இதற்குப் பிரமாதமாகப் பொருந்தும். துளையைச் சுற்றித் தண்ணீர் தெளித்துக்கொண்டே போடுங்கள், தூளும் பறக்காது. டிரில்லில் ஹேமர் ஆஃப், வேகம் அதிகம், கை அழுத்தம் மிகக் குறைவு. பிசின் கருகும் வாசனை வந்தால் உடனே நிறுத்துங்கள்.

துளை விளிம்பை 400 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்து, காய்ந்த பிறகு மெதுவாகக் காயும் அரால்டைட்டை (எபாக்ஸி பசை) மெல்லியதாகப் பூசி ஒருநாள் விடுங்கள். வெட்டுப்பட்ட இழை வழியாகத் தண்ணீர் ஏறாமல் இருக்க இது அவசியம். பலர் விட்டுவிடுவது இந்த ஒரு வேலையைத்தான்.

மேல் தோலுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் வெற்றிடம் இருந்தால், தகட்டு போல்ட் ஒவ்வொன்றுக்கும் அந்த உயரத்துக்கு நைலான் குழாய் வெட்டி உள்ளே வையுங்கள். இல்லாவிட்டால் இறுக்கும்போது தோல் உள்வாங்கும். பசையை மட்டும் நம்பித் தகட்டை ஒட்டாதீர்கள். சித்திரை வெயிலில் கறுப்பு பானெட் 70 டிகிரியைத் தொடும். சாதாரண எபாக்ஸி 60 டிகிரியைத் தாண்டினாலே இளகும்.

கடைசியாக உயரம். பானெட் மூடி, ஸ்டாப்பர் ரப்பர் லேசாக அமுங்கிய நிலையில், ஸ்டட்டின் குறுக்குத் துளையின் அடிவிளிம்பு தகட்டின் மேல் மட்டத்துக்குச் சரியாக வர வேண்டும். கிளிப் ஒரு விரல் அழுத்தத்தில் நுழைய வேண்டும். நட்டுகளில் நட் தளராமல் பிடிக்கும் நீல நிற த்ரெட் லாக் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். கிளிப்பை முன்னாலிருந்து பின்னோக்கிச் செருகினால் காற்று அதை உள்ளேதான் தள்ளும். 100 கிமீ ஓடிய பிறகு நட்டுகளை ஒருமுறை சோதியுங்கள்.

பட்டறையில் லாக் பின் போட்டு ஒரு மழைக்காலம்தான் ஆகிறது. தகட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி வருகிறது. ஒரு துளையருகே கோடும் விழுந்திருக்கிறது. பானெட் போய்விட்டதா?
- வாசகர், பாலக்கோடு

போகவில்லை. இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள். கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் மழைத்தண்ணீர் நின்றால், அது ஒரு சின்ன பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். வெள்ளைப் பொடி அதுதான். தகட்டைக் கழற்றி ஸ்டெயின்லெஸ் தகடு போடுங்கள். அலுமினியமே வேண்டுமென்றால் அடியில் 1 மிமீ ரப்பர் ஷீட், போல்ட்டுகளுக்கு நைலான் வாஷர், துளை விளிம்பில் எபாக்ஸி என்று உலோகம் கார்பனைத் தொடாமல் செய்யுங்கள்.

கோட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கோடு திறந்து மூடினால் இழையே உடைந்திருக்கிறது, அசையாவிட்டால் மேல் பூச்சு மட்டும்தான். இழை உடைந்திருந்தால் கோடு முடியும் இடத்தில் 2 மிமீ துளை போட்டு அது நீளாமல் நிறுத்தி, அடிப்பக்கம் சுற்றிலும் 50 மிமீ அளவுக்குத் தேய்த்து, இரண்டு அடுக்கு இழைத்துணியை எபாக்ஸியில் ஒட்டுங்கள். பிறகு ஸ்டட் துளையின் நடுவில் நிற்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒரு பக்கம் உரசிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அது விளிம்பை இடித்துக்கொண்டே இருக்கும், ஒட்டியது மறுபடி விடும்.

லாக் பின் போட்டும் தொப்பூர் இறக்கத்தில் பானெட் ஆடுகிறது. கிளிப்பும் கடகடவென்று சத்தம் போடுகிறது.
- வாசகர், நல்லம்பள்ளி

ஸ்டட் உயரம் கூடிவிட்டது. மேல் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, கீழ் நட்டால் ஸ்டட்டை இறக்குங்கள். அதற்கு முன் ரப்பர் ஸ்டாப்பரை அரைச் சுற்று உயர்த்திப் பாருங்கள், பல வண்டிகளில் அதுவே போதும். கார்பன் பானெட் லேசானது, இரும்பு பானெட் போலத் தன் எடையால் ரப்பரை அமுக்கி உட்காராது. கிளிப்பைச் சுத்தியால் தட்டிச் செருகும் அளவுக்கு மட்டும் இறக்கிவிடாதீர்கள்.

போலீஸ், ஆர்டிஓ பிரச்சினை வருமா? ரேஸ் வண்டிகளில் கம்பெனி லாக்கையே எடுத்துவிடுகிறார்களே?
- வாசகர், பர்கூர்

ரேஸ் விதி வேறு. சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் விதிப்படி பானெட்டுக்குக் குறைந்தது இரண்டு கூடுதல் பூட்டுகள் இருக்க வேண்டும், பழைய லாக் வேலை செய்யக் கூடாது, பூட்டு இருக்கும் இடத்தை அம்புக்குறி காட்ட வேண்டும். தீப்பிடித்தால் வெளியில் நிற்பவர் உடனே திறக்கத்தான் இந்த ஏற்பாடு. சாலை வண்டிக்கு இதைப் பின்பற்றாதீர்கள்.

சாலையில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுதான் பேசும். ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் தயாரிப்பாளர் குறித்த அம்சங்களுக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. பானெட் வாங்கும் முன்பே உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், சொல்லாமல் விட்டால் கிளைம் நேரத்தில் மறுக்க அதையே காரணமாகக் காட்டுவார்கள்.

பானெட்டைத் தூக்கிப் பிடிக்கும் பழைய கேஸ் ஸ்ட்ரட்டை அப்படியே விடலாமா?
- வாசகர், ஊத்தங்கரை

கழற்றிவிடுங்கள். இரும்பு பானெட்டின் எடைக்குக் கணக்கிட்ட ஸ்ட்ரட் அது. மூடியிருக்கும்போதும் தள்ளிக்கொண்டே இருக்கும். லேசான கார்பன் பானெட்டின் பின்மூலைகள் அதனால் நாளடைவில் மேலே வளையும், முன்னால் லாக் பின்னுக்கும் தேவையில்லாத இழுப்பு. சாதாரண முட்டுக்கம்பி போதும். கம்பி நுனி உட்காரும் இடத்தில் மட்டும் அடிச்சட்டத்துக்கு உள்ளே சின்ன ஸ்டெயின்லெஸ் தகடு ஒன்றை எபாக்ஸி வைத்து ஒட்டிக்கொள்ளுங்கள்.