நடவு ஆட்களுக்கு ஒரு முகாம்

அன்புள்ள ஐயா,
எங்கள் ஊரில் (மன்னார்குடி பக்கம்) சில வருடமாகக் குறுவை நடவுக்கு மேற்கு வங்கப் பையன்கள்தான் வருகிறார்கள். வேலை சுத்தம். ஆனால் எந்நேரமும் சோறும் உருளைக்கிழங்கும்தான், வாயில் கைனிப் புகையிலை, தண்ணீர்கூடச் சரியாகக் குடிப்பதில்லை. நல்ல பழக்கங்களைச் சொல்லித்தர ஒரு முகாம் நடத்தலாம் என்றிருக்கிறோம். என்ன சொல்லலாம்?
- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாக நடத்துங்கள். ஆனால் முதல் முகாம் நிலத்துக்காரர்களுக்கு.

நடவுப் பையன்களுக்குக் கூலி ஏக்கர் கணக்கு. ஒருவன் நிமிர்ந்தால் குழுவுக்கே நஷ்டம். தண்ணீர்க் குடமோ ரோட்டோரம், நாலு வரப்பு தள்ளி. யார் போவார்? கைனியும் இதில்தான் வருகிறது: சுண்ணாம்போடு கசக்கி உதட்டில் அடக்கிக்கொண்டால் பசி தெரியாது. புற்றுநோய்ப் படம் பாக்கெட்டிலேயே இருக்கிறது, நாம் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. குடத்தை நடவு நடக்கும் வரப்புக்குக் கொண்டுபோங்கள். அவ்வப்போது நிழலில் உட்காரச் சொல்லி, அந்த நேரத்தையும் சேர்த்து ரேட் பேசுங்கள். மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுகிறவர்களுக்குச் சர்க்கரை நோய் இல்லாமலே சிறுநீரகம் கெட்டது. வெயிலில் உடம்பு வற்ற உழைத்ததுதான் முக்கியக் காரணம் என்று கருதுகிறார்கள். அங்கே தீர்வாகக் கையில் எடுத்தது தண்ணீர், ஓய்வு, நிழல், இவ்வளவுதான்.

சாப்பாட்டு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. அவர்களுடைய பாந்தா பாத் நம் பழையசோறேதான். உப்பு, வெங்காயம், பச்சை மிளகாய், கடுகெண்ணெய் விட்டு மசித்த கிழங்கு. வியர்த்துக் கொட்டுகிறவனுக்கு நல்ல சாப்பாடு. (நம் வீட்டுப் பிள்ளைகள் காலையில் தின்பதைப் பற்றி இப்போது வேண்டாம்.) குறைவது பருப்பும் முட்டையும். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டுமே! 2020 அக்டோபரிலிருந்து நம் ரேஷன் கடையிலும் வெளிமாநில கார்டுக்கு அரிசி உண்டு, குடும்பம் அங்கே வாங்கியது போக மீதிப் பங்கு. அதை வாங்கிக்கொடுங்கள், அரிசிக் காசு மிஞ்சினால் முட்டை வரும்.

அவர்களிடம் சொல்ல வேண்டியது எலிக்காய்ச்சல் பற்றி. டெல்டா வயலில் எலிக்குப் பஞ்சமில்லை. அதன் மூத்திரம் கலந்த சேற்றில் வெடித்த காலோடு நிற்கிறார்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் மெடிக்கல் மாத்திரையோடு நிறுத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். வயலில் நின்றதை டாக்டரிடம் சொல்ல, தமிழ் தெரிந்த மேஸ்திரி கூடப் போகட்டும்.

அப்புறம், பகலில் முகாம் வைக்காதீர்கள், அவர்களுக்கு அரை ஏக்கர் போய்விடும். ராத்திரி சோறு வடிக்கிற நேரம் மோட்டார் கொட்டகைக்கே போய்விடுங்கள்.